எத்தனை மணிக்கு உட்காருவீர்கள்?

பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் முதல் நாளில் பாடிக் காட்டச் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எழுந்ததும் என்ன செய்வீர்கள், அதற்கடுத்து என்ன, வீட்டில் யார் எப்போது கிளம்புவார்கள் என்று கேட்பேன். பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோருக்கு இது வினோதமாக இருக்கும். "டீச்சர், கொழந்தைக்குக் குரல் எப்படியிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?" என்பார்கள். குரல் எல்லோருக்கும் இருக்கிறது. சுருதியும் பெரும்பாலானவர்களுக்குப் பழகப் பழக வந்துவிடும். தினமும் சொன்ன நேரத்தில் பாயை விரித்து உட்காருகிறார்களா என்பதில்தான் முதல் வருஷம் முழுக்கப் போகிறது. அது கைகூடாதவர்கள் கீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். கைகூடியவர்கள், சுமாரான குரல் உள்ளவர்கள்கூட, வர்ணம் பாடுகிறார்கள்.

சித்தூரில் என் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு நடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் திருப்பதிக்குப் போய் அங்கே சொல்லிக்கொடுக்கிறேன். காட்பாடியிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறினால் பாகாலா, சந்திரகிரி தாண்டித் திருப்பதி. எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம், அதனால் இரண்டு பாஷையும் இங்கே சம உரிமையோடு புழங்குகின்றன. என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் தியாகராஜ கிருதியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள், தெலுங்குப் பிள்ளைகள் பாபநாசம் சிவனின் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்வார்கள்.

இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சங்கீத உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898இல் புங்கனூரில் பிறந்தவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் கற்றவர். 1954இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். நான் டிப்ளமோ படித்தது அந்தக் கல்லூரியில்தான், அவர் காலத்துக்கு வெகு பிந்தி. அங்கே லய வகுப்பு என்றால் நாயனா பிள்ளை பேச்சு வராமல் இருக்காது. அவருடைய கச்சேரி 'புல் பெஞ்ச்' கச்சேரி. பிடில், மிருதங்கம் மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லய வித்வான்கள் சூழ்ந்து உட்கார, நடுவில் அவர் பல்லவி பாடுவார். அத்தனை பேரும் கணக்குப் போடும்போது பாடுகிறவர் கையைப் பார்த்துத் தட்டை எண்ணிக்கொண்டிருந்தால் தொலைந்தார். கை தன்பாட்டுக்குத் தாளம் போட வேண்டும், மனசு ராகத்தில் இருக்க வேண்டும். மேடைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே, ஆள் பார்க்காத விடியற்காலைகளில் அந்தக் கை பழகியிருக்கிறது.

மதுரை சோமு, சுப்பிரமணிய பிள்ளையோடு பல வருஷம் கூடவே இருந்து கற்றார். அந்தக் காலத்துக் குருகுலத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குருபக்தியைச் சொல்வார்கள். தண்ணீர் இறைத்தது, கடைக்கு ஓடியது, கால் பிடித்தது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த வீட்டில் சிஷ்யன் தன் நேரத்தைத் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. குரு எழுந்தால் இவனும் எழ வேண்டும். தம்பூரா மீட்டப்பட்டால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து "அந்த நிஷாதம் எங்கடா போச்சு?" என்று குரல் வரும். இன்றைக்குப் பாடலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. இன்று என்னிடம் வருகிற பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் நான். மீதி நேரமெல்லாம் பள்ளிக்கூடம், டியூஷன், செல்போன். குருவின் வீடு செய்த வேலையை மாணவரின் சொந்த வீட்டில், அவருடைய சொந்த நாளுக்குள் நடக்க வைப்பதுதான் இப்போது பாட்டு வாத்தியாரின் பாதி வேலை. மீதிப் பாதிதான் பாட்டு.

சாதகத்துக்குப் பிரம்ம முகூர்த்தம் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். விடிவதற்கு முன் கீழ் ஸ்தாயியில் பாடினால் குரலுக்கு அடித்தளம் விழும், சந்தடியும் இருக்காது. ஆனால் எல்லோரையும் நான்கு மணிக்கு எழுந்திருக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. திருப்பதி தூங்காத ஊர். மேலே திருமலைக் கோயிலில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் சுப்ரபாதம், நள்ளிரவை ஒட்டி ஏகாந்த சேவை. கீழே அதற்கேற்ப பஸ், ரயில், ஓட்டல், சத்திரம், ஆஸ்பத்திரி. இந்த ஊரில் பாதிப்பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். நான்கு மணிக்கு வேலை முடித்து வந்து படுப்பவரிடம் நான்கு மணிக்கு எழுந்து பாடு என்றால், ஒரு வாரம் முயன்றுவிட்டு, நமக்கு இது கொடுத்துவைக்கவில்லை என்று நின்றுவிடுவார்.

அரசு பஸ் நடத்துனர் ஒருவர் அப்படித்தான் வந்தார். நகரி பக்கத்துத் தமிழர், நாற்பதைத் தாண்டியவர். பஜனையில் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளை முறையாகப் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "மேடம், எனக்கு டூட்டி மாறிட்டே இருக்கும். ஒரு நாள் நெல்லூரு, ஒரு நாள் மதனப்பள்ளி, வாரத்துல ரெண்டு நைட் ஹால்ட். நேரம்னு ஒண்ணு எனக்குக் கெடையாது" என்றார். அவருடைய நாளில் தவறாமல் நடக்கிற காரியம் எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "குளிக்கறதுதான்" என்றார். எந்த ஊரில், எந்த நேரத்தில் டூட்டி முடிந்தாலும் குளிக்காமல் சாப்பிட மாட்டார். அப்படியானால் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் சாதகம் என்று வைத்துக்கொண்டோம். மணி எதுவாகவும் இருக்கட்டும், குளித்ததும் சுருதி. நைட் ஹால்ட் நாட்களில் ஆளில்லாத பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் தம்பூரா செயலியைப் போட்டு, ஒற்றைக் காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வார். மற்றக் காது தன் குரலுக்கு.

இதைப் பிற்பாடு எல்லோரிடமும் கடைப்பிடித்தேன். கடிகாரத்தில் மணி குறித்துக்கொண்டவர்களைவிட, ஏற்கெனவே விடாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் சாதகத்தைக் கட்டியவர்கள் நிலைத்தார்கள். ஒருத்தி வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவாள். இன்னொருவருக்கு முனிசிபல் குழாயில் தண்ணீர் பிடித்து முடிந்ததும். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் யூனிபார்ம் மாட்டியபின் வேன் வருவதற்கு முன்னால். பெற்றோரிடம் நான் கேட்பது ஒரே உதவி: சுருதிப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பூசை அலமாரிப் பக்கத்திலோ ஜன்னலடியிலோ கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும், பாயும் அங்கேயே சுருட்டிக் கிடக்கட்டும். எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், பிளக்கைத் தேட வேண்டும் என்றால் அன்றைக்குப் பாட்டு இல்லை.

உட்கார்ந்தபின் என்ன செய்வது என்பதற்கு நம் முன்னோர் போட்டுவைத்த திட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத் தீரவில்லை. 16ஆம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிற பாடமுறை அது: சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், அப்புறம் கீதம். தொடக்கத்துக்கு மாயாமாளவகௌளை. ஏன் அந்த ராகம் என்று பிள்ளைகள் கேட்டால் ஆர்மோனியத்தில் தொட்டுக் காட்டுவேன். ச-ரி நெருக்கம், ரி-க அகலம், க-ம நெருக்கம். மேல் பாதியில் ப-த நெருக்கம், த-நி அகலம், நி-ச நெருக்கம். கீழே பழகிய அதே அடியெடுப்பு மேலேயும் வருகிறது. பாதி கற்றால் மீதி பாதி தெரிந்ததாகிவிடும். புதிதாக ஒன்றைப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடையாது.

தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. முதல் சரளியை முதல் காலத்தில் பாடினால் ஏறி இறங்க இரண்டு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் ஒரே ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் பாதியிலேயே முடிந்துவிடும். ஆவர்த்தனத்தை நிரப்ப இரண்டு தடவை பாட வேண்டும். கை மாறாது, குரல் மட்டும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆகும். முதல் மாதத்தில் பிள்ளைகளின் கை குரலோடு சேர்ந்து ஓடும். தொடை மேல் தட்டுகிற கையை நான் லேசாகப் பிடித்துக்கொண்டு பாடச் சொல்வேன். ஒரு நாள் பிடியை விட்ட பிறகும் அது நிதானமாக விழும். அன்றைக்கு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று காலமும் சேர்த்து ஒரு சரளி பாட ஒரு நிமிடம் போதும். எத்தனை மோசமான நாளிலும் அந்த ஒரு நிமிடத்தை விடக்கூடாது என்பதுதான் நான் போடும் ஒரே கண்டிப்பான நிபந்தனை. பரீட்சையா, காய்ச்சலில் எழுந்த மறுநாளா, ஊரில் கல்யாணமா, சுருதியைப் போட்டு ஒரே ஒரு வரிசை, போதும். பெரும்பாலும் ஒரு நிமிடத்தோடு எழுந்திருக்க மனசு வராது. வந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்தாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் செய்வது நல்லதையும் ஊன்றும், கெட்டதையும் ஊன்றும். வேறெங்கோ சில வருஷம் கற்றுவிட்டு வந்த ஒரு பையனுக்கு அந்தர காந்தாரம் எப்போதும் ஒரு நூல் கீழே நின்றது. சோம்பேறியென்று அவனை யாரும் சொல்ல முடியாது; நாள் தவறாமல் பாடியவன். அதனால்தான் அது அத்தனை ஆழமாகப் படிந்திருந்தது. காதில் சுருதி இல்லாமல், டிவி ஓடும் கூடத்தில், வாய் மட்டும் ஓடிய சாதகம். அவனைச் சில வாரம் பாடவே விடவில்லை. தம்பூராவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மந்தர ஷட்ஜத் தந்தியை மட்டும் மீட்டி, கேட்கச் சொன்னேன். நன்றாகச் சேர்ந்த அந்தத் தந்தியிலிருந்து, தானாகவே ஒரு காந்தாரம் மேலெழும்பி வரும். முதல் சில நாள் அவனுக்குக் கேட்கவில்லை. "எதுவும் கேக்கலையே டீச்சர்" என்று சலித்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் நான் எதிர்பாராத சமயத்தில் மெல்லிய குரலில் அதனோடு சேர்த்துப் பாடினான். பிசிறில்லாமல் ஒட்டியது. இப்போது எல்லோருக்கும் பாடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறுமனே கேட்பது கட்டாயம்.

கணக்கு நோட்டுப் போடும் வழக்கமும் எங்கள் வகுப்பில் உண்டு. பாடிய நாளுக்கு ஒரு டிக் போடுவது என்று சில பெற்றோர் ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, நிறுத்தச் சொன்னேன். டிக்குக்காகப் பாடுகிற பிள்ளை ஓட்டமாக ஓட்டிவிட்டு டிக் போட்டுவிடும். அதற்குப் பதில் அன்றைக்கு எந்த ஸ்வரம் படுத்தியது, எந்த இடத்தில் தாளம் நழுவியது என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். எழுத வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டும். ஒரு சின்னப் பெண் 'இன்னிக்கு தைவதம் நல்லா இருந்துச்சு, ஏன்னு தெரியல' என்று எழுதிக்கொண்டு வந்தாள். அந்த வரிக்காக அன்றைய வகுப்பு முழுவதையும் தைவதத்துக்கே கொடுத்தேன்.

எத்தனை நாளில் பழக்கம் வரும் என்று கேட்காதவர்கள் இல்லை. நம்மிடம் ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு உண்டு. சபரிமலைக்கு 41 நாள் விரதம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினமும் ஒரே சூழ்நிலையில் ஒரு சின்னக் காரியத்தைச் செய்துவந்த 96 பேரைக் கவனித்தார்கள். யோசனையில்லாமல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் கண்டார்கள். நானும் ஒரு மண்டலம் என்றுதான் ஆரம்பித்து வைப்பேன், மனசுக்கு ஒரு கரை தெரிய வேண்டுமே. மண்டலம் முடிந்தும் பழகவில்லையே என்று கலங்குகிறவர்களிடம் அந்த 254ஐச் சொல்வேன். விட்டுப்போன நாளின் பாக்கியை மறுநாள் சேர்த்துப் பாட மட்டும் அனுமதிப்பதில்லை. தொண்டை கட்டும், வெறுப்பும் வரும். விட்டது விட்டதுதான், மறுநாள் வழக்கமான அளவு.

சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை மாங்காய். ஜூன், ஜூலையில் கிளிமூக்கு மாங்காய் இறங்கும்போது கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். அப்பா டிராக்டரோடு இரவு பகலாக அங்கே காத்துக்கிடப்பார், அம்மா தோப்பில் ஆள்களோடு நிற்பாள் அல்லது தொழிற்சாலையிலேயே நைட் ஷிப்டில் காய் பிரிப்பாள். வீட்டில் சாப்பாட்டு நேரமே கிடையாது, சாதக நேரம் எங்கே? அந்த மாதங்களில் நான் புதுப் பாடம் எடுப்பதில்லை. மே மாதமே உட்கார்ந்து, காய் இறங்கும் காலத்தில் எது, எப்போது, யார் வீட்டில் என்று பேசிக்கொள்வோம். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு பாட்டி வீட்டில் கூடிப் பாடுவார்கள். வருஷா வருஷம் வருகிற தடங்கல் அது. திடீரென்று வந்த மாதிரி அதற்குத் திகைத்து நிற்பது நியாயமில்லை.

திருப்பதியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தினசரிப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரைத் தாண்டிப் போக முடியாது. 1408இல் பிறந்தவர். 1424இல், பதினாறாம் வயதில், பாடத் தொடங்கி 1503இல் காலமாகும்வரை பாடினார் என்று செப்பேடு சொல்கிறது. பாடியவை 32,000 சங்கீர்த்தனங்கள் என்பார்கள். நாளுக்கு ஒன்றாவது பாடுவது அவருடைய விரதம் என்பது மரபு. அந்த 79 வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று போட்டால்கூட 29,000த்துக்குள்தான் அடங்கும். மகன் காலத்தில் இவை செப்பேடுகளில் வெட்டப்பட்டுத் திருமலைக் கோயிலுக்குள் கல்லால் கட்டிய ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். கடந்த நூற்றாண்டில்தான் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்களின் உழைப்பால் அச்சுக்கும் மறுபடி குரலுக்கும் வந்தன. அவருடைய வம்சத்தார் இன்றும் ஏகாந்த சேவையில் சுவாமிக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள்.

அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது எனக்குப் பிடித்த விஷயம், அவற்றில் எல்லாமே மலை உச்சிப் பாட்டுகள் இல்லை என்பது. சொன்னதையே திரும்பச் சொல்லும் பாட்டு உண்டு, அவசரமாக முடித்தது போன்ற பாட்டும் உண்டு. அப்படிப் புரட்டிக்கொண்டே போகையில் சட்டென்று நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் ஒன்று வரும். சாதாரணமான நாளிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். யாருக்காகப் பாடுகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அதனால் இன்றைக்கு நன்றாக வருமா என்ற கவலை அவரைத் தடுக்கவில்லை. என் மாணவர்களிடமும் இதைக் கேட்பேன்: யாருக்காகப் பாடுகிறாய்? மேடைக்கு என்பவர்கள் சிலர். பாட்டிக்கு என்று ஒரு பிள்ளை சொல்லும். பதில் எதுவானாலும் சரி, பதில் என்று ஒன்று இருக்கிற பிள்ளை நிற்கிறது.

நடத்துனருக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது, பஜனை மடம். வந்து ஆறேழு மாதம் இருக்கும், ஒரு நாள் ஜண்டை வரிசை பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "மேடம், மேல் ஷட்ஜத்துல கரகரன்னு ஒரு சத்தம் வருது, அது என்னுதா, பெட்டியோடதா?" என்று கேட்டார். அவருடையதுதான். பல வருஷமாக வாயில் குட்கா போடும் பழக்கம் அவருக்கு. நான் அதைப் பற்றி எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை, சொல்லவேண்டியவர்கள் வீட்டில் சொல்லிச் சலித்திருந்தார்கள். அன்றைக்கும் "உங்களோடதுதாங்க" என்று மட்டும் சொன்னேன். அடுத்த சில மாதத்தில் அவராகவே விட்டார். சுலபமாக விடவில்லை, புரட்டாசி பிரம்மோத்சவக் கூட்டத்தில் ஓய்வில்லாமல் டூட்டி பார்த்தபோது மறுபடி தொடங்கி, தீபாவளிக்குப் பின் மறுபடி விட்டார். குளித்தபின் வாயில் ஒன்றும் இருக்கக்கூடாது, பாட வேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்திருக்கிறது. டூட்டியில் சில்லறைச் சண்டைகளும் குறைந்துவிட்டதாக அவர் மனைவி என்னிடம் சொன்னார். அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், அந்த அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

இப்போது அவர் மோகன ராக வர்ணத்தில் இருக்கிறார். முதல் இரண்டு காலமும் கட்டாக நிற்கின்றன. மூன்றாம் காலத்தில் சிட்டைஸ்வரம் வரும்போது பஸ் இறக்கத்தில் இறங்குகிற மாதிரி ஓடிவிடுகிறது. வருகிற வாரம் முழுக்க முதல் காலத்திலேயே பாடி, கையை மட்டும் கவனித்து நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை நெல்லூரிலிருந்து வந்து, குளித்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவதாகச் சொன்னார்.